குசினிக் கதவால் வருகிறவர்

காரியாலயத்து அக்கா முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா முன் விறாந்தையைக் கழுவி, கதிரைகளுக்கு உறை மாற்றி, யன்னல் சீலைகளைத் தோய்த்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்தான். காரியாலயத்தில் எனக்கு மேலே இருக்கிற ஒருவர் எங்கள் ஊரான கப்பல்துறை வரை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றால், அம்மாவுக்கு அது பெரிய காரியம். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் முன்படலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் வீட்டை ஒட்டிய ஒடுங்கிய ஒழுங்கையால் சுற்றி வந்து, பின்வேலியில் ஆள் புகக்கூடிய இடைவெளியாக இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து, கிணற்றடியைத் தாண்டி, குசினி வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"வீட்டுக்காரர் இருக்கிறியளோ?"

அம்மா பதறிக்கொண்டு ஓடினார். குசினியில் மத்தியானச் சட்டிகள் கழுவாமல் கிடந்தன. அரிவாள்மணைக்குப் பக்கத்தில் முருங்கையிலைக் காம்புகள் குவிந்திருந்தன.

"ஐயோ, முன்னுக்கு வாங்கோ. இஞ்சை எல்லாம் குப்பையாக் கிடக்கு."

"முன்னுக்கு வந்தால் எனக்குக் கதிரையைத்தானே காட்டுவியள். கதிரை எங்கடை வீட்டிலையும் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "முருங்கையிலையோ? பால் விட்டோ விடாமலோ காய்ச்சுறனியள்?"

அன்று மாலை ஆறு மணிவரை அவர் இருந்தார். முன் விறாந்தைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. பலகைக் கட்டையில் குந்தியிருந்து தேங்காய் துருவினார். அம்மா தன் தமக்கையோடு பத்து வருடமாகக் கதைக்காமல் இருப்பதை அன்றுதான் முதல் முறையாக வெளியாள் ஒருவரிடம் சொன்னார். அக்கா போன பிறகு, உறை மாற்றிய கதிரையில் அம்மாவே போய் இருந்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம்.

"அவவை இன்னொரு நாளைக்கும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

அக்கா சல்லி என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தவர். அங்கே கடற்கரையில் கருவாடு காய்கிற பந்தல்களுக்கு நடுவே வளர்ந்து, திருகோணமலை டவுனுக்குள் கலியாணம் முடித்து வந்தவர். புருசன் இளமையிலேயே போய்விட்டார். ஒரே மகன் மெல்பேர்னில். உட்துறைமுக வீதியில் இருந்த ஒரு சின்னக் கப்பல் முகவர் காரியாலயத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக அவர் தட்டச்சு வேலை செய்தார். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, என்ன ஏற்றி வருகிறது, எத்தனை பேர் அதில் வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் அவருடைய விரல்கள்தான் கடுதாசியில் ஏற்றும். ஆங்கிலத்தை விரலால் பேசுவார், வாயால் பேசமாட்டார். கட்டையான ஆள். பருத்திச் சேலை, இறப்பர்ச் செருப்பு, ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கி உள்ளே வைக்கலாம் போல ஒரு கைப்பை.

எங்கே போனாலும் அவர் பின்பக்கம்தான் போவார். கலியாண வீடென்றால் மணவறைக்கு முன்னால் அவரைக் காணமுடியாது. பின்னால் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று சோறு வடிக்கிறவர்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். கோயில் திருவிழா என்றால் மடப்பள்ளி. புதுக் கடை திறந்தால், சாமான் இறக்குகிற வாசல். ஒருமுறை டவுனில் புதிதாகக் கட்டிய ஹொட்டல் ஒன்றைப் பார்க்க எங்கள் காரியாலயத்து ஆட்கள் எல்லோரும் போனோம். நாங்கள் முன் மண்டபத்தில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா பின்னால் துணி தோய்க்கிற அறையில், இறக்கக்கண்டியில் இருந்து வேலைக்கு வருகிற இரண்டு பெண்களிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

இது வெறும் விடுப்புப் பார்க்கிற, அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கிற குணம் என்றுதான் நானும் கொஞ்சக்காலம் நினைத்திருந்தேன்.

ஒருநாள் முதலாளிக்குக் காய்ச்சல். துறைமுகத்துக்குள் நின்ற ஒரு கப்பலில் கப்டனிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அக்காவும் நானும் படகில் போனோம். கப்டன் எங்களை மரியாதையாக இருத்தி, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தந்தார். அக்கா கக்கூசுக்கு என்று எழும்பிப் போனவர்தான். அரைமணி நேரம் ஆளைக் காணவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மழையைப் பற்றிச் சொல்லக்கூடிய அத்தனையும் சொல்லி முடித்துவிட்டேன். கடைசியில் அக்கா வெங்காய வாசத்தோடு வந்து சேர்ந்தார். திரும்பி வரும்போது படகில் இருந்தபடி மெதுவாகச் சொன்னார்.

"சமைக்கிற ஆளுக்கு இடது கை முழுக்க எண்ணெய் பட்டு அவிஞ்சுபோய்க் கிடக்கு பிள்ளை. துணியாலை சுத்தி மறைச்சு வைச்சிருக்கிறான். கண்டால் வீட்டை அனுப்பிப் போடுவினம் எண்டு பயம்."

"கப்டனிட்டைச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னால் அவன் பயந்தது நடந்திடும்."

அன்று பின்னேரமே தனக்குத் தெரிந்த ஒரு டொக்டரிடம் போனார். அடுத்த நாள் அந்த டொக்டர், கப்பலில் உள்ள எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஏறினார். வரிசையில் சமையற்காரனும் வந்தான். கை கண்ணில் பட்டது, மருந்து கட்டப்பட்டது, அவனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கப்பல் புறப்படுகிற அன்று எங்கள் காரியாலயத்துக்கு ஒரு பெரிய தகர டின் நிறைய பிஸ்கட் வந்தது. குசினிக்கு வந்த அம்மாவுக்கு என்று அதில் எழுதியிருந்தது.

ஆனால் இந்தப் பழக்கத்தால் எல்லாம் நன்மையாகத்தான் முடிந்தது என்று சொல்ல ஏலாது. அக்காவின் பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது. அவர்கள் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. முன்முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து, பிள்ளைகள் தோய்த்த சட்டையோடு பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அக்கா ஒருநாள் வேலிப் பொட்டுக்குள்ளால் போனபோது, அவர்களுடைய அடுப்புக்குள் பூனை படுத்திருந்ததைக் கண்டார். சாம்பல் ஆறி இரண்டு நாளாவது இருக்கும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவசரத்தில் அரிசியும் பருப்பும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை முன்வாசலால் போனார். அங்கே அந்த வீட்டுப் பெண்ணின் மச்சாள் விருந்துக்கு வந்து இருந்தாள்.

அந்தப் பெண் ஒன்றரை வருடம் அக்காவோடு கதைக்கவில்லை. வேலிப் பொட்டுக்குக் குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டினாள். அக்காவுக்கு அது பெரிய நோவு. வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாத்தது பிழையில்லைப் பிள்ளை" என்று ஒருநாள் சொன்னார். "முன்பக்கத்தாலை கொண்டு போனதுதான் பிழை."

பிறகு அந்த மூங்கில் அவிழ்ந்தது. எப்படி அவிழ்ந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கா வேலையால் நின்று மூன்று வருடத்துக்குப் பிறகு மகன் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். யப்பானைச் சுற்றிக் கரையோரமாகப் போகிற ஒரு உல்லாசக் கப்பலில் இரண்டு பேருக்குப் பதிந்திருக்கிறான். முதலில் மூன்று நாள் தோக்கியோவில் தரையில் சுற்றிப் பார்ப்பது. பிறகு கப்பல் ஏறி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு துறைமுகத்தில் காலையில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு, பின்னேரம் திரும்பி ஏறுவது. தானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக நினைத்தவனுக்கு, மனைவிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கிற நாள் நெருங்கியதால் வரமுடியாமல் போனது. யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ என்றான்.

அக்கா அன்றைக்கே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்வாசலால்தான்.

"எத்தினை கப்பலுக்குக் கடுதாசி அடிச்சிருப்பன். ஒண்டிலையும் ஒரு இரவு படுத்ததில்லை. நீ வாறியோ?"

நான் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. எனக்கு இரத்த அழுத்தத்துக்குக் குளிசை, முழங்கால் வலி, வீட்டில் ஆயிரம் வேலை. என் கணவர் பேப்பரில் இருந்து முகத்தை எடுக்காமல் "போயிட்டு வா" என்றார்.

எங்கள் குழுவில் முப்பது பேர் இருந்தோம். வழிகாட்டியாக யூமி என்ற யப்பானியப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தெளிவான ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவாள். ஒவ்வொரு இடத்திலும் எங்களை எண்ணுவாள். ஒவ்வொரு இடத்திலும் ஒன்று குறையும்.

தோக்கியோவில் பெரிய கோயில் ஒன்றுக்குப் போனபோது, எல்லோரும் சிவப்பு வாசலின் கீழ் நின்று படம் எடுத்தோம். அக்கா பின்னால், கை கழுவுகிற அகப்பைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவரோடு சேர்ந்து நின்று தானும் இரண்டு அகப்பை தேய்த்தார். கோட்டைக்குப் போனால், அங்கே புல் வெட்டுகிற பெண்கள் சாப்பிடுகிற இடம். யூமி முதல் நாள் பயந்தாள். இரண்டாம் நாள் என்னிடம் முறைப்பட்டாள். மூன்றாம் நாள் கொடியைத் தூக்கிக்கொண்டு நேரே பின்பக்கத்துக்கே போய் அக்காவைக் கூட்டிவரப் பழகிவிட்டாள்.

கப்பல் ஏறினோம். பன்னிரண்டு மாடி. எங்கள் அறையில் ஒரு வட்ட யன்னல், அதற்குள் முழுக் கடல். நான் கட்டிலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அந்தக் கப்பலில் ஒரே குறை, வேலையாட்களுக்கு மட்டும் என்று எழுதிய கதவுகள். மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டார். நாலாவது முறை கதவுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். வேலை முடிந்து வெளியே வந்த சமையற்காரர் ஒருவர் தூத்துக்குடிக்காரர். அன்று இரவு எங்கள் மேசைக்கு, பட்டியலில் இல்லாத ஒரு தக்காளி ரசம் வந்தது.

கப்பலில் ஐந்தாம் நாள் சக்காய்மினாத்தோ என்ற துறைமுகத்தில் இறங்கினோம். மீன்பிடித் துறை. வாசத்தைப் பிடித்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஏற்றி, உயரமான ஒரு பாலத்தைத் தாண்டி, மலை அடிவாரத்தில் கடலை ஒட்டியிருந்த ஒரு சின்ன ஊருக்குக் கொண்டுபோனார்கள். பழைய கோயில் ஒன்று, கல் பதித்த ஒரு தெரு, இரண்டு பக்கமும் மர வீடுகள். யூமி நாற்பது நிமிடம் தந்தாள்.

கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில், எண்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் காய்ந்த கணவாய் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வாங்கினார்கள். அக்கா ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"நல்லாக் காய்ஞ்சிருக்கு. எங்கை காய விடுகினம் எண்டு பாப்பம்" என்றார்.

"அக்கா, கோயிலைப் பாத்திட்டு வருவம். நேரம் போகுது."

அவர் ஏற்கெனவே வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். நான் புறுபுறுத்துக்கொண்டு பின்னால் போனேன். வீட்டின் பின்வளவு கடலைப் பார்த்தபடி இருந்தது. கயிறுகளில் கணவாய்கள் தோய்த்த உடுப்பு மாதிரி வரிசையாகத் தொங்கின. வெயில் அவற்றுக்குள்ளால் மஞ்சளாகத் தெரிந்தது. சல்லிக் கடற்கரையில் நிற்கிற மாதிரி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் படம் எடுக்கப் போனை எடுத்தேன்.

"பொறு" என்றார் அக்கா. "தண்ணி ஓடுது."

சுவர் ஓரத்தில் ஒரு குழாய் திறந்தபடி கிடந்தது. தொட்டி நிரம்பி வழிந்து நிலமெல்லாம் ஈரம். ஒரு கத்தி, பாதி வெட்டிய கணவாய்கள். ஒருவரும் இல்லை.

"இந்தச் சனம் ஒரு துளி தண்ணி வீணாக்காது. இது சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே அவர் குழாயைப் பூட்டினார். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் இன்னொரு சத்தம் கேட்டது. படகுக் கொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கிழவர் விழுந்து கிடந்தார். ஒரு காலில் இறப்பர்ச் சப்பாத்து, மற்றது கழன்று கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. கண் எங்களைப் பார்த்தது. ஏதோ சொல்லப் பார்த்தார், சொல் வரவில்லை.

அக்கா முழந்தாளிட்டு அவரை ஒரு பக்கமாகச் சரித்து, தன் கைப்பையைத் தலைக்கு அணைவாக வைத்தார்.

"நீ இவரைப் பிடிச்சுக்கொள். கதைச்சுக்கொண்டிரு, நிப்பாட்டாதை" என்று சொல்லிவிட்டு ஓடினார். அறுபத்து மூன்று வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஐயா, ஆக்கள் வருகினம் ஐயா என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா முன்னால் போய், கணவாய் விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்த அம்மா, இந்தப் பெண்ணுக்கு ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்துக் கையை உதறியிருக்கிறார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தவர், கையில் இருந்த பொட்டலத்தைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடிவந்தார். அவர்தான் கிழவரின் மனைவி. அவர் முன்வாசலில் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து விற்றுக்கொண்டிருந்த நேரம், பதினைந்து அடி தள்ளிப் பின்னால் கணவர் கிடந்திருக்கிறார்.

யூமி அம்புலன்சுக்கு அழைத்தாள். அது வந்தபோது, அந்த அம்மா ஒரு கையால் கணவரையும் மறு கையால் அக்காவின் சேலைத் தலைப்பையும் பிடித்திருந்தார். ஏறச் சொன்னார்கள். தலைப்பை விடவில்லை.

யூமி என்னிடம் திரும்பினாள். அவர்களுக்கு ஒரே மகள், ஒசாக்காவில் இருக்கிறாள், வந்துசேரப் பின்னேரம் ஆகும் என்றாள். "ஆனால் கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும். எனக்கு மற்ற இருபத்தெட்டுப் பேரையும் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவர் போனால் கப்பல் காத்திருக்காது. தயவுசெய்து சொல்லுங்கள்."

நான் அப்படியே அக்காவுக்குச் சொன்னேன்.

"கப்பல் போகட்டும்" என்றார் அக்கா. "மனுசி நடுங்கிறா. நீ வேணுமெண்டால் யூமியோடை போ. நான் பேந்து வாறன்."

"பேந்து எப்பிடி வருவியள்? என்ன பாசையிலை கதைப்பியள்? உங்களைத் தனிய விட்டிட்டுப் போய் மகனுக்கு நான் என்ன சொல்லுறது?"

அதற்குள் அவர் அம்புலன்சில் ஏறிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் சின்ன லொறியில் என்னை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். நான் வழி முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கிழவரை உள்ளே கொண்டுபோனார்கள். மூளைக்குப் போகிற இரத்தக்குழாயில் அடைப்பு, நேரத்துக்குக் கொண்டுவந்ததால் மருந்து ஏற்றலாம், ஆனால் நாளைக்குத்தான் சொல்லமுடியும் என்று டொக்டர் சொன்னதை, ஒரு நேர்ஸ் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். அந்த அம்மா வாங்குப் பலகையில் இருந்தார். அக்கா அவர் பக்கத்தில் இருந்து,  அவரின் கையில் ஒட்டியிருந்த கணவாய்த் தோலைத் தன் தலைப்பால் மெல்லத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அக்காவை ஒரு ஓரத்துக்குக் கூப்பிட்டு, மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். என் உடுப்பு கப்பலில், என் குளிசை கப்பலில், தெரியாத நாட்டில் நடுத்தெருவில் நிற்கிறோம், எல்லாம் உங்களுடைய இந்தப் பழக்கத்தால், ஒரு நாளாவது மற்றவர்கள் பார்க்கிறதைப் பார்த்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

 அக்கா கைப்பைக்குள் கையை விட்டு, என் அழுத்தக் குளிசை அட்டை ஒன்றை எடுத்துத் தந்தார்.

"உன்ரை குளிசை எப்பவும் என்ரை பையிலை ஒண்டு கிடக்கும். நீ மறக்கிற ஆள்."

ஐந்து மணிக்கு மூன்றாம் மாடி யன்னலால் பார்த்தோம். எங்கள் கப்பல் வெள்ளையாக, மெல்லக் கரையை விட்டு விலகியது. எனக்கு அழுகை வந்தது. அக்கா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று திரும்பினால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை கப்பலை நாங்கள் வழியனுப்பியிருப்பம் பிள்ளை. எங்களை விட்டிட்டு ஒண்டு போறதை இண்டைக்குத்தான் பாக்கிறம்."

என்ன செய்வது, நானும் சிரித்துவிட்டேன்.

ஆறரை மணிபோல மகள் வந்து சேர்ந்தாள். எங்களைக் கண்டதும் குனிந்தாள், மறுபடி குனிந்தாள். நிமிரவே மாட்டாள் போல இருந்தது. அக்கா அவளின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, அம்மாவின் பக்கம் காட்டி, போ என்று கையசைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். அக்கா அங்கேயும் குசினிக்குள் போய் மீன் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்.

கப்பல் அடுத்து நிற்கிற துறைமுகத்தின் பெயர் மைசுரு. அக்கா கடைசிவரை அதை மைசூர் என்றுதான் சொன்னார். அங்கே அடுத்த நாள் பின்னேரம் ஆறு மணிக்குள் போய்விட்டால் ஏறலாம் என்று யூமி போனில் சொல்லியிருந்தாள். கரையோரமாகவே ரயில் இருக்கிறது, நாலு இடத்தில் மாறவேண்டும். நிலையத்தில் இருந்த உத்தியோகத்தர் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் மணியையும் ஒரு கடுதாசியில் பெரிதாக எழுதித் தந்தார். காலை ஆறு மணிக்கு, இரண்டு பெட்டி மட்டும் உள்ள ஒரு சின்ன ரயிலில் ஏறி இருந்தோம்.

ரயில் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் அக்கா என் தொடையில் அடித்தார்.

"இஞ்சை பார். ரயில் பின்பக்கத்தாலைதான் ஓடுது."

உண்மைதான். தெருக்கள் வீடுகளின் முன்னால் போகின்றன, தண்டவாளம் பின்னால் போகிறது. ஒன்பது மணிநேரம் அந்த நாட்டின் பின்வளவுகள் முழுவதும் எங்கள் யன்னலுக்கு வெளியே ஓடின. கொடியில் காய்கிற குழந்தைச் சட்டைகள். மாடியில் வெயிலுக்குத் தொங்கவிட்ட மெத்தைகள். கயிற்றில் கட்டிய வெங்காயம். குசினி வாசலில் நின்று பல் துலக்குகிற ஒருவர். வலை பொத்துகிற கணவனும் மனைவியும். கத்தரிக்காய்ப் பாத்திக்குள் குந்தியிருந்து புல் பிடுங்குகிற ஒரு பெண், ரயிலைப் பார்த்து நிமிர்ந்து கையசைத்தாள். அக்கா இரண்டு கையாலும் அசைத்தார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. இந்த வீட்டில் கைக்குழந்தை இரண்டு. இந்த வீட்டுக்காரன் சோம்பேறி, வேலியைப் பார். இந்த வீட்டில் இன்றைக்கு விசேசம்.

இடையிடையே மலையைக் குடைந்து ரயில் இருட்டுக்குள் போகும். வெளியே வந்தால் நீலக் கடல், உடனே ஒரு மீனவக் கிராமம், கறுப்பு ஓட்டுக் கூரைகள். ஒரு நிலையத்தில் வாங்கிய சோற்றுப் பெட்டியை மடியில் வைத்து, அக்காவின் கைப்பையில் இருந்து வந்த இடிச்ச சம்பலோடு சாப்பிட்டோம். எதிரே இருந்த ஒரு வயோதிபர் வாசத்துக்குத் திரும்பிப் பார்த்தார். அக்கா அவருக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தார். அவர் கண் கலங்கி, இருமி, பிறகு இன்னும் கொஞ்சம் என்று விரலைக் காட்டினார்.

மத்தியானத்துக்குப் பிறகு, இரண்டு பக்கமும் தண்ணீரும் நடுவில் பைன் மரங்களோடு ஒரு நீள மணல் திட்டுமாக ஒரு இடம் வந்தது. உலகம் முழுவதிலும் இருந்து அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். நான் யன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அக்கா மற்றப் பக்கத்து யன்னலில், ஒரு கடைக்குப் பின்னால் இருவர் ஒரு அலுமாரியை வாசலுக்குள்ளால் நுழைக்கப் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு சந்தோசமாக நான் ஒரு நாளைக் கழித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மைசுரு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கப்பல் நின்றது. வாசலில் யூமி நின்றாள், மஞ்சள் கொடியோடு. எங்களைக் கண்டதும் கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு போனை எடுத்து, யாருடனோ வேகமாகப் பேசி, அதைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்து எங்கள் முன் நீட்டினாள். மறுபக்கத்தில் அந்த அம்மாவின் குரல்.

யூமி ஆங்கிலத்தில் சொன்னாள், நான் அக்காவுக்குச் சொன்னேன். கிழவர் காலையில் கண் விழித்தார். கை அசைகிறது. பேச்சும் கொஞ்சம் வருகிறது. அவர் முதலில் கேட்டது, குழாயைப் பூட்டினார்களா என்று.

"நான் பூட்டினனான் எண்டு சொல்லு" என்றார் அக்கா.

மறுபக்கத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து கேட்டது. பிறகு அந்த அம்மா ஏதோ கேட்டார். உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறார், நேற்று முழுக்க இருந்தும் கேட்க மறந்துவிட்டாராம் என்றாள் யூமி.

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"திருகோணமலை எண்டு சொல்லு."

"அக்கா, உங்கடை பேரைக் கேக்கிறா."

"என்ரை பேர் அவவுக்கு என்னத்துக்கு? நாளைக்கு மறந்துபோகும். ஊர்ப்பேர் எண்டால் தேசப்படத்திலை விரல் வைச்சுப் பாப்பா. அந்தாளுக்கும் காட்டுவா."

யூமி அதைச் சொல்லப் பார்த்து மூன்று எழுத்தோடு நின்றுவிட்டாள். அக்கா போனைக் கையில் வாங்கி, வாய்க்கு நேரே பிடித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். திரு. கோண. மலை. அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றுகொண்டு அந்த அம்மா திருப்பிச் சொன்னார். முதல் இரண்டும் இரண்டாம் தடவையிலேயே சரியாக வந்தன. மலை மட்டும் வரவில்லை. அவருடைய நாக்கில் அது மரை என்றுதான் வந்தது. எங்களுக்குப் பின்னால் கப்பல் ஏறுகிறவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அக்கா இன்னும் நாலு தடவை சொல்லிக் கொடுத்தார். நாலு தடவையும் மரை.

"சரி, இருக்கட்டும்" என்றார் அக்கா, போனை யூமியிடம் கொடுத்துக்கொண்டு. "எங்கடை காட்டுப் பக்கம் மானோடை மரையும் நிக்குதுதானே."